நுனி வெடித்த நாள்

முடியின் நுனி வெடித்தால் அந்த நுனி முளைத்த நாளும் கூடவே இரண்டாகப் பிளந்துவிடும். ஆகவே முத்தையாபுரத்துப் பெண்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் நுனி வெட்டிக்கொள்வார்கள். லில்லிபாய் டீச்சர் ஒரு வருடம் சோம்பல்பட்டு விட்டதில் அவருடைய கல்யாண நாள் பிளந்துபோய், வேறொரு மாப்பிள்ளை நிற்கும் இன்னொரு ஆல்பம் வீடு தேடி வந்தது. வந்ததை என்ன செய்ய? அதையும் பீரோவில்தான் வைத்திருக்கிறார்.

ஜெசிந்தா மட்டும் வெட்டுவதில்லை. நாற்பத்திரண்டு வயசு, தொடைவரை முடி. அவள் புருஷன் பெர்க்மான்ஸ், மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிய தோணியில் நான்கு வருடம் முன்பு போனவன். தோணியும் வரவில்லை, அவனும் வரவில்லை. முடியோ மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். அப்படிப் பார்த்தால் தலையிலிருந்து இரண்டடி அவன் இல்லாத முடி. அதற்குக் கீழே தொங்கும் பதினாறு அங்குலம் அவன் இருந்த முடி. அதில் கத்தரி வைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

மத்தியானம் வேலை ஓய்ந்ததும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு முடியின் நுனியைக் காதோரம் வைத்து விரலால் உரசுவாள். அந்த நாள் மெல்லக் கேட்கும். பெர்க்மான்ஸ் வாளியை நங்கென்று கீழே வைப்பான். இருமுவான். "ஜெசி, தண்ணி கொண்டா" என்பான். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் அப்படி உரசியபோது இரண்டு பெர்க்மான்ஸின் குரல் கேட்டது. ஒருவன், சீலா மீன் கிடைத்தது என்றான். மற்றவன், அதே மூச்சில், இன்றைக்கு மீனே இல்லை என்றான். முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுனி கவட்டையாக வெடித்திருந்தது. ஜெசிந்தா செருப்பைக்கூட மாட்டாமல் இமெல்டாவின் பார்லருக்கு ஓடினாள்.

இமெல்டா கெட்டிக்காரி. ஒரு முடியைப் பார்த்தே ஆளின் வண்டவாளத்தைச் சொல்லிவிடுவாள். என்ன, திட்டிக்கொண்டேதான் சொல்வாள்.

"முடிக்கு மேல மீன் செதில் மாதிரி ஒண்ணு இருக்குக்கா. அது தேஞ்சுபோனா உள்ள இருக்கது நார் நாரா பிரிஞ்சிரும். ஈரத் தலைய சீவுனீயளா?"

"இல்ல."

"துண்ட வச்சு அடிச்சீயளா? உப்புத் தண்ணியில அலசுனீயளா? வெயில்ல காஞ்சீயளா? ரப்பர் பேண்டு போட்டு இறுக்குனீயளா? சூடு ஏதும் காட்டுனீயளா?"

"ஒண்ணுமே செய்யல இமெல்டா. மத்தியானம் கொஞ்ச நேரம் காதுல வச்சுக் கேப்பேன், அவ்வளவுதான்."

"நல்லாயிருக்கு! நாலு வருசமா ஒரே எடத்த உரசுனா செதிலு இருக்குமா?"

"ஒட்ட வைக்க முடியாதா?"

"வெடிச்ச நுனி ஒட்டாதுக்கா. எண்ணெய் தடவுனா ஒட்டுன மாதிரி நடிக்கும், அவ்வளவுதான். வெட்டித்தான் ஆவணும். இல்லன்னா ஒவ்வொரு நாளா பிளந்துக்கிட்டே மேல ஏறும்."

"எதுவரைக்கும் ஏறும்?"

"ஏற விட்டா வேர் வரைக்கும்."

ஜெசிந்தா எழுந்துவிட்டாள். வெட்ட வேண்டாம் என்றாள்.

வெடிப்பு பதினாறு அங்குலம் ஏறினால் அவன் புறப்பட்ட நாளுக்கு வந்துவிடும். அன்று காலையில் அவன் சட்டை காயவில்லை. "ஈரச் சட்டைய மாட்டிக்கிட்டா போவ? அடுத்த தோணியில போறேனே" என்றான். இவள்தான் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துக் காயவைத்து, இந்தாங்க, கெளம்புங்க என்று அனுப்பியவள். நான்கு வருடமாக அந்தக் கையை நினைத்தால் அவளுக்கு ஆறவே இல்லை. அந்த நாள் பிளந்தால் ஒரு பக்கத்தில் சட்டை ஈரமாகவே இருக்கும்.

மறுநாளிலிருந்து, கூடாது என்று இமெல்டா சொன்னதையெல்லாம், சூடு காட்டுவதைத் தவிர, ஒன்று விடாமல் செய்தாள். சொட்டச் சொட்ட ஈரத்தோடு பேன்சீப்பை வைத்து இழுத்தாள். துண்டை முறுக்கி முடியை அடித்தாள். உப்பளத்து வாய்க்கால் தண்ணீரில் அலசி, மொட்டைமாடியில் உச்சி வெயிலில் விரித்துப்போட்டு உட்கார்ந்தாள். ரப்பர் பேண்டை இறுக்கிக் கட்டி, முடியோடு பிடுங்கி எடுத்தாள். எண்ணெய்ப் பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

இமெல்டா தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். "ஏங்க்கா முடியப் போட்டு இந்தப் பாடு படுத்துதீய?"

"எனக்கு அவியளப் பாக்கணும் இமெல்டா. காதுல கேட்டுக்கிட்டே இருந்தது போதும்."

இமெல்டா, வெயில் தாழ்வதற்குள் இன்னும் கொஞ்சம் காயலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மற்ற முடிகள் எல்லாம் பாதியிலேயே நின்றுவிட்டன. ஒரே ஒரு முடி மட்டும் ரோஷக்காரியாக ஏறியது. புரட்டாசி பிறக்கும்போது அவன் புறப்பட்ட நாளுக்கு ஒரு விரற்கடை கீழே வந்து, அதுவும் நின்றது. என்ன செய்தும் அசையவில்லை. ஜெசிந்தா பரண்மேல் கிடந்த இஸ்திரிப் பெட்டியை இறக்கினாள். போர்வையை மடித்து மேசையில் விரித்து, அந்த முடியை அதன்மேல் நீட்டி, சூடேறிய பெட்டியை வைத்து அழுத்தினாள். கருகல் வாடை வந்தது.

காதோரம் வைத்துக் கேட்டாள். ஒரு பக்கத்தில், "சரி, வாறேன்" என்றான். மறுபக்கத்தில், "ஈரமாத்தான் இருக்கு, நான் போவல" என்றான். அதற்கு ஒரு பெண் சிரித்தாள். நல்ல சிரிப்பு அது. வெடிப்பு அதற்குமேல் யாருக்கும் காத்திருக்கவில்லை. நான்கு வருடத்தையும் ஒரே ஓட்டமாகப் பிளந்துகொண்டு ஏறி, வகிட்டில் சுருக்கென்று குத்தியது.

ஜெசிந்தா முகம் கழுவினாள். விளமீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். சோறு வடித்த நேரத்துக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பெர்க்மான்ஸ் நின்றான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான், மீசை நரைத்திருந்தது. அவன் பக்கத்தில் ஜெசிந்தா நின்றாள். இவளைவிடச் சதைப்பிடிப்பான ஜெசிந்தா, தோளோடு வெட்டிய முடி. அவளுக்கு எதையும் நீளமாக வைத்திருக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

"உள்ள வாங்க" என்றாள் இவள்.

"இவிய யாரு?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"இதுவும் நான்தாங்க" என்றாள் தோள்முடி ஜெசிந்தா. "அன்னைக்கு உங்கள அனுப்பிட்டு இருக்கவ."

"அப்படியா" என்று சொல்லி அவன் கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். அவள் அவனை ஒட்டி உட்கார்ந்தாள். இவள் இருவருக்கும் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். பிசையும் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெருவிரல் நகத்தை மறந்துபோயிருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் வாய் இறங்கியதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் பக்கம் திரும்பினான்.

"ஜெசி, அப்படியே நீ வைக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

இரண்டு ஜெசிந்தாவும் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி இன்னொரு துண்டு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். மற்றவள் அதற்கு முள் எடுத்துக் கொடுத்தாள்.