சாக்குக்கு ஒரு கிலோ

செங்கோடன் கடையைத் திறந்து ஊதுவத்திகூட ஏற்றியிருக்கவில்லை. அதற்குள் ஸ்தனிஸ்லாஸ் வந்து, மடித்த வெறுஞ்சாக்கு ஒன்றைத் தராசுத் தட்டில் வைத்து நிறுக்கச் சொன்னான். செங்கோடன் சேலத்திலிருந்து மேலே வந்து ஏற்காட்டில் இருபது வருடமாக மளிகைக்கடை நடத்துபவர். அரிசி நிறுத்திருக்கிறார், மிளகு நிறுத்திருக்கிறார், ஒருமுறை அவசரத்துக்கு, அப்போதுதான் பிறந்த குழந்தையைக்கூட நிறுத்திருக்கிறார். வெறுஞ்சாக்கோடு யாரும் வந்ததில்லை.

"ஏனுங்க டிரைவரே, மொதல் போணியே வெறுஞ்சாக்குங்களா? வெளங்குமுங்களா என் யாவாரம்?"

இருந்தாலும் நிறுத்தார். ஒரு கிலோ அறுநூற்றைம்பது கிராம். ஸ்தனிஸ்லாஸ் அந்தச் சாக்கைக் கொண்டுபோய், கடைக்கு எதிரே நின்ற தன் லாரியின் பக்கப்பலகை மேல் வெயில் படும்படி விரித்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். பதினொரு மணிக்கு மறுபடியும் வந்தான். செங்கோடன் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை வந்திருந்தது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, ஐந்து கிராமோ பத்து கிராமோ.

அறுநூறு கிராமுக்கு மேல் காணாமல் போயிருந்தது. ஸ்தனிஸ்லாஸுக்கு முதலில் மனதில் ஒரு குளிர்ச்சியும், அடுத்த நிமிடமே முகத்தில் ஒரு சூடும் வந்தன. குளிர்ச்சி, தன் நஷ்டத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டதால். சூடு, அந்தக் காரணம் தெரியாமல் ஒரு மனிதரை ஒன்பது வீட்டுக்காரர்கள் முன்னால் திருடன் என்று சொல்லாத குறையாகப் பேசிவிட்டு வந்திருந்ததால்.

இது எண்பத்தாறாம் வருடம் ஜனவரிக் கடைசியில். பன்னிரண்டு வருடம் எஸ்டேட் லாரியை ஓட்டிய ஸ்தனிஸ்லாஸ், வேலையை விட்டு, பழைய டாட்டா லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. கிளீனர் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை, தனியாகத்தான் ஓட்டினான். சொந்த லாரிக்காரனுக்கு ஓட்டுவது பாதி வேலைதான், மீதிப் பாதி எந்த லோடை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பது. அதை அவன் ஒவ்வொரு அடியாகத்தான் கற்றுக்கொண்டிருந்தான்.

டிசம்பரில் கொட்டச்சேட்டிலிருந்து நூற்றைம்பது மூட்டை காப்பி ஏற்றினான். செடியிலிருந்து பறித்த பழத்தைத் தோலோடு களத்தில் காயவைத்த கொட்டை அது. ஒன்பது சிறு விவசாயிகளின் சரக்கு, கோயமுத்தூரில் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் கியூரிங் ஒர்க்ஸுக்குப் போக வேண்டியது. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் மூட்டை மூட்டையாக நிறுத்து, சாக்கின் எடையாக மூட்டைக்கு ஒரு கிலோ கழித்து, மீதியைக் காப்பி என்று சீட்டில் எழுதுவார்கள். அங்கே போனதும் அவர்களும் நிறுத்து, அதே ஒரு கிலோவைக் கழிப்பார்கள். நூறு கிலோவுக்கு அரைக் கிலோ குறைந்தால் வழியில் உலர்ந்தது என்று விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் குறைந்தால் லாரிக்காரன் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். நடுவழியில் மூட்டையைப் பிரித்தானோ என்னவோ, யார் கண்டது? டிசம்பரில் தொண்ணூற்றைந்து கிலோ குறைந்தது. வாடகையில் டீசலுக்குக்கூட மிஞ்சவில்லை.

ஈரக் காப்பியை ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. திரும்பி வந்து நேராகக் களத்துக்குப் போய், ஒன்பது வீட்டுக்காரர்கள் முன்னால் ஒரு பிடி கொட்டையை அள்ளிக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டி, ஈரத்தைக் காப்பி என்று நிறுத்து ஏற்றிவிட்டதாகப் பேசினான். நன்றாகக் காய்ந்த கொட்டை தோலுக்குள் கழன்று கிலுகிலுவென்று சத்தம் போடும், ஈரக் கொட்டை ஊமையாக இருக்கும். அன்று அவன் கையில் இருந்தது நன்றாகத்தான் சத்தம் போட்டது. கோபத்தில் அவன் காது அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒன்பது பேருக்கும் பேசி முடிப்பவர் வேடியப்பன். அவர் அவன் கையிலிருந்த கொட்டையைத் திரும்ப வாங்கிக் களத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மரம்தான். தலைச்சோலையில் வெட்டும் சில்வர் ஓக் மரத்தைச் சேலத்துக்கு இறக்குவது. புக்கிங் ஏஜென்ட் பழனிசாமி நல்ல வாடகை பேசிக் கொடுத்தார். கையில் வாங்கும்போது அது நல்ல வாடகைதான். ஆனால் மலைமேல் எடை மேடை கிடையாது; மரத்தை டேப் பிடித்துச் சுற்றளவு பார்த்துத்தான் கணக்கு. பச்சை மரத்துக்குள் இருக்கும் தண்ணீரை எந்த டேப்பும் அளக்காது. எட்டு டன் என்று ஏற்றியது பத்துக்கு மேல் இருக்கும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை ஓட்டுகிறவர்களின் பால பாடம். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் வளைவுக்கு மட்டும். இந்த எடைக்கு இன்ஜின் பிடி போதாமல் காலை பிரேக்கிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டும் முன்பே பிரேக் லைனிங் கருகும் வாசனை கேபினுக்குள் வந்துவிடும். கிடைத்த வாடகையைப் பிரேக்கும் டயரும் தின்றன. அவன் மனைவி அற்புதம் அவன் சட்டையைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தனியாக வைப்பாள். அந்த வாசனை அவளுக்கும் பழகியிருந்தது.

சாக்கைப் பற்றிச் சொன்னவளும் அவள்தான். அவளுக்கு எஸ்டேட்டில் காப்பிக் களத்தில் வேலை. செங்கோடன் கடைக்குப் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம், கேபினில் இன்ஜின் மூடி மேல் போட்டு உட்காரும் சாக்கை அவன் உதறிப் புல்லில் போட்டதைப் பார்த்து, எடுத்துக் கொடியில் மாட்டினாள்.

"எங்க எஸ்டேட்டுல சாக்கக் கீழ போட்டா கணக்கு எழுதற ரைட்டர் அடிக்கவே வந்துருவாருங்க. ராத்திரியெல்லாம் பனி குடிச்சுக்கும், காலைல நிறுத்தா எடை பொய் சொல்லும்னு கத்துவாரு."

ஸ்தனிஸ்லாஸ் கொடியில் தொங்கிய சாக்கைத் தொட்டுப் பார்த்தான். அதே எஸ்டேட்டில் பன்னிரண்டு வருடம் ஓட்டியிருக்கிறான். ஸ்டோர் பரணில் சாக்குகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறான். ஏன் என்று கேட்டதில்லை. மூட்டை ஏறின பிறகுதான் டிரைவர் ஏறுவார். கொட்டச்சேட்டில் டிசம்பரில் நடந்தது கண்ணுக்குள் வந்தது. முந்தின நாளே வெறுஞ்சாக்குகளைக் களத்தோரப் புல்லில் அடுக்கியிருந்தார்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று விரட்டி, மூடுபனி விலகும் முன்பே நிறுக்க வைத்தவன் அவனேதான். கொடியில் இருந்த சாக்கை எடுத்து மறுபடியும் புல்லில் போட்டான். அற்புதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடையிலிருந்து கிளம்பும்போது அவன் கணக்கு முடிந்திருந்தது. மூட்டைக்கு அறுநூற்றுச் சொச்சம் கிராம், நூற்றைம்பது மூட்டை. தொண்ணூற்றைந்து கிலோவும் வந்துவிட்டது. ஆனால் தாளில் வருவது எடை மேடையிலும் வருமா என்பதுதான் கேள்வி. தவறிப் போகப் பணமும் இல்லை, நாளும் இல்லை. எஸ்டேட்டில் பழைய டிரைவர் வேலை காலியாக இருப்பதாக மானேஜர் சொல்லியனுப்பியிருந்தார், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். பழனிசாமி பதினெட்டு லோடு மரம் வைத்துக்கொண்டு மறுநாளே ஆரம்பிக்கச் சொன்னார். காப்பி எடுக்கப் போகிறேன் என்றதும் அவர் சிரித்தார்.

"அது பஞ்சு மாதிரிங்க. பாடி ரொம்பிப்போகும், டன்னு ஏறாது. டன்னுக்குத்தானுங்க வாடகை. மரத்த உட்டுட்டு மயிலிறகு ஓட்டறேங்கறீங்க."

அவர் சொன்னது சரிதான். ஆனால் டன் ஏறாத சரக்கு வளைவில் பிரேக்கைக் கேட்காது என்பதும், கோயமுத்தூரிலிருந்து வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டியதில்லை என்பதும் அவர் கணக்கில் வரவில்லை. அதை விளக்கிக்கொண்டு நிற்காமல் கொட்டச்சேட்டுக்கு வண்டியைத் திருப்பினான்.

வேடியப்பன் களத்தில் காப்பியைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, ஐம்பது வயது இருக்கும். தலை நிமிராமலே கேட்டார்.

"என்னங்க டிரைவரே, இன்னொருக்கா காதுல வெச்சு ஆட்டிப் பாக்கோணுமுங்களா?"

ஸ்தனிஸ்லாஸ் சாக்கை நீட்டி, காலையில் இருந்த எடையையும் பதினொரு மணிக்கு இருந்த எடையையும் சொன்னான். வேடியப்பன் சாக்கைக் கையில் வாங்கி, பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். புல்லோரத்தில் அடுக்கியிருந்த வெறுஞ்சாக்குகள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது தெரிந்தது. ஆனால் சாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அன்னிக்கு ஒம்போது ஊட்டுக்காரங்க முன்னால பேசுனீங்க. இன்னிக்கு எங்கிட்ட மட்டும் வந்து காதோட சொன்னா எப்படீங்க?"

ஒன்பது வீட்டிலும் ஆள் வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. ஸ்தனிஸ்லாஸ் களத்தின் நடுவில் நின்று, காப்பி மேல் குற்றமில்லை, அவசரப்படுத்தியதும் வாயை விட்டதும் தான்தான் என்று சொன்னான். சொல்லி முடித்ததும் ஒரு கிழவி, இதற்கா உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தேன் என்று முனகிக்கொண்டே போனாள். அவ்வளவுதான். முந்தின ராத்திரி அதை நினைத்துச் சரியாகத் தூங்காமல் இருந்தது வீண் என்று அவனுக்குத் தோன்றியது.

எல்லோரும் கலைந்த பிறகு வேடியப்பன் கேட்டார்: "இப்பவும் கொறைஞ்சா?"

"லாரிய வித்துப்போட்டு எஸ்டேட்டுக்கே போயிருவனுங்க."

வேடியப்பன் தானும் கூடவே வந்து எடை போடுவதைப் பார்ப்பதாகச் சொன்னார். அன்று சாயங்காலமே சாக்குகள் கூரைக்கு அடியில் கொடி கட்டி ஏறின. மறுநாள் வெயில் நன்றாக ஏறிப் பத்து மணியான பிறகுதான் முதல் மூட்டை தராசுக்கு வந்தது. அதற்கு முன், மூடுபனி இருக்கும்போதே மரலாரி ஒன்று கீழே இறங்கிய சத்தம் கேட்டது. பழனிசாமி வேறு வண்டி பிடித்துவிட்டார். நூற்றைம்பது மூட்டையும் ஏறி, சாக்கைக் கழித்துச் சீட்டில் விழுந்த எடை ஏழாயிரத்து நானூற்று இருபத்தைந்து கிலோ.

மலை இறங்கும்போது வண்டி கியரிலேயே முனகிக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது. வளைவுக்கு வளைவு வேடியப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எதிரே பஸ் வருகிறதா என்று பார்த்துச் சொன்னார். அடிவாரத்தில் நிறுத்தி ஸ்தனிஸ்லாஸ் பிரேக் டிரம்மில் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். மர லோடுக்கு அதன் பக்கத்தில்கூடக் கையைக் கொண்டுபோக முடியாது. லோடு தப்பான லோடு இல்லை என்று வண்டி தன் பங்குக்குச் சொல்லிவிட்டது. இனித் தராசு சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை கியூரிங் ஒர்க்ஸ் வாசலில் எடை மேடை. தரையோடு பதித்த பெரிய இரும்புப் பலகை மேல் லாரி ஏறி நிற்கும். உள்ளே அறையில் கிளார்க் ஒரு நீண்ட இரும்புத் தண்டில் குண்டை நகர்த்திக்கொண்டே போவார். தண்டு மேலும் கீழும் ஆடாமல் நேராக நிற்கும் இடம்தான் எடை. முதலில் லோடோடு ஒருமுறை, இறக்கிய பிறகு காலியாக ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சரக்கு. வேடியப்பன் கேபினிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எறங்கிக்குங்க," என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

"ஏனுங்க, இருந்துட்டுப் போறேன். நாலு மூட்டைக்காவது ஆவேனில்ல?"

"ஒரு மூட்டைக்குத்தான் ஆவீங்க. ஆனா காலி வண்டிக்கு உங்கள ஏத்தலைன்னா நீங்களும் காப்பி ஆயிருவீங்க."

சில டிரைவர்கள் அப்படித்தான் ஆளை வைத்து எடையைச் சரிக்கட்டுவார்கள். ஸ்தனிஸ்லாஸுக்கும் அது தெரியும். இன்றைக்குத் தராசு என்ன சொல்கிறதோ அதை அப்படியே கேட்க வேண்டியிருந்தது. வேடியப்பன் இறங்கினார்.

மூட்டை இறக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. ஸ்தனிஸ்லாஸ் டீ வாங்கி, குடிக்க மறந்து, ஆறிப்போன கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தான். காலி வண்டி மேடையேறியது. கிளார்க் குண்டை நகர்த்தினார், எழுதினார், சாக்குக்கு ஒரு கிலோ கழித்தார், பழைய சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏழாயிரத்து நானூத்திப் பத்து. பதினஞ்சு கிலோ கொறையுது. தள்ளுபடிக்குள்ளதான், போங்க."

முப்பத்தேழு கிலோ வரை விடுவார்கள். பதினைந்துதான். ஸ்தனிஸ்லாஸ் இன்னொரு முறை சொல்லச் சொன்னான். கிளார்க் எரிச்சலோடு சீட்டையே ஜன்னல் வழியாக நீட்டினார். அதை வாங்கும்போதுதான், காலையிலிருந்து தோள் இரண்டையும் காதுவரை தூக்கி வைத்திருந்தது அவனுக்குத் தெரிந்தது. இறக்கிவிட்டான். கழுத்தில் ஏதோ சொடக்கென்று விட்டது.

"அப்ப எங்க காப்பி காஞ்ச காப்பிதானுங்க," என்றார் வேடியப்பன், கிளார்க்குக்குக் கேட்கிற மாதிரி.

கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு ஆள், வண்டி சேலம் பக்கமா, உரம் ஏற்ற முடியுமா என்று குரல் கொடுத்தான். ஸ்தனிஸ்லாஸ் கையைக் காட்டி இருக்கச் சொன்னான். லாரியை முன்னால் நகர்த்தி நிறுத்திவிட்டு இறங்கி வந்தபோது, வேடியப்பன் அந்தப் பெரிய இரும்புப் பலகையின் நட்டநடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைத்திருந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு நிற்பவர்போல் கைகளை ஒட்டி வைத்து, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த தண்டையே பார்த்தார்.

"என்னைய எத்தனைன்னு காட்டுதுங்க?"

கிளார்க் வேண்டா வெறுப்பாகக் குண்டைக் கோடி வரை தள்ளினார். தண்டு லேசாக அசைந்து, நிற்கலாமா வேண்டாமா என்று இழுத்தது. ஸ்தனிஸ்லாஸும் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி அவர் பக்கத்தில் நின்றான். பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடித்தது. வேடியப்பன் சிரித்தார், அந்தச் சிரிப்பில் பலகை நடுங்கியது, தண்டு ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது.