திருவாதிரை தெரியுதா?

மில் வாசல் விளக்கு எட்டாத கருவேலமரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு இறங்கி, சந்தனம் அண்ணாந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். நேற்றுவரைக்கும் இரண்டு விண்மீனாவது தெரிந்தது. இன்றைக்கு வானம் முழுக்கக் கரியைப் பூசிவைத்த மாதிரிக் கிடந்தது. அப்படியென்றால் திருவாதிரையும் போச்சா?

வானத்தைத் தரம்பிரித்துப் பார்க்கலாம் என்று சொன்னவளே அவன் மகள் கிருஷ்ணப்ரியாதான். அருப்புக்கோட்டைக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். "வெறுங்கண்ணுக்குத் தெரியிற மீனையெல்லாம் ஆறு வகுப்பாப் பிரிச்சிருக்காகப்பா. பளிச்சுன்னு இருக்கது மொத வகுப்பு. ஆறாவது, இருக்கா இல்லையான்னே இருக்கும்" என்றாள் ஒருநாள். மேலே போகப்போகத் தேய்கிற படிப்பா இருக்கே என்று அவன் கேலி பண்ணினான். சிவப்பாக இருப்பதுதான் அதிகச் சூடு என்று அவன் நினைத்திருந்தான். இல்லையாம். நீலம்தான் கொதிக்கிறதாம், சிவப்பு சூடு குறைந்ததாம். உச்சியில் சிவந்து நிற்கிற திருவாதிரை ஊதிப்போன கிழமாம். ஆயுசு முடிகிற கட்டமாம். அப்படியும் என்ன வெளிச்சம் காட்டுது பாருங்க என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள். சந்தனத்துக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் மதுரைக் கண் டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். இருட்டில் பார்வை மங்குகிற இந்த நோய்க்கு மருந்து இல்லை, கொஞ்சங்கொஞ்சமாகத்தான் போகும், பொழுது சாய்ந்தபிறகு ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. அவர் எழுதிக்கொடுத்த சீட்டை வேன் இருக்கைக்கு அடியில் சொருகியவன், பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. இருபத்தாறு வருஷமாக வண்டி ஓட்டியவனுக்கு வேறு என்ன தெரியும்? ஆடு மேய்க்கக்கூட கண் வேணுமே. மில்லுக்கு வண்டி வேண்டியதே ஷிப்ட்டு முடிகிற இருட்டில்தான்.

அதனால் மகள் சொன்ன கணக்கை வைத்துத் தன் கண்ணைத் தானே சோதித்துக்கொண்டான். முதலில் ஆறாவது வகுப்பு போனது. பிறகு ஐந்தாவது. போன மாசி மாதம் ஆறாமீன் என்கிற கார்த்திகைக் கூட்டம் புகைபோலத் தெரிந்தது, இந்த மாசியில் அந்த இடமே காலி. எது போனாலும் போகட்டும், முதல் வகுப்பு தெரிகிறவரைக்கும் ஓட்டலாம் என்று அவனாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். திருச்சுழி ரோட்டில் எந்தப் பள்ளம் எங்கே என்று மனப்பாடம். முன்னால் லாரி ஏதாவது போனால் அதன் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போய்விடுவான். போன செவ்வாய்க்கிழமை அப்படி லாரி எதுவும் கிடைக்கவில்லை. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் நூலிழையில் தப்பினார். வேனில் இருந்த பெண்கள் அலறினார்கள். லைட்டு இல்லாம வாரான் பாரு என்று அந்த மனுஷனையே திட்டினான். கல்லூரி விட்டு எப்போதும் அந்த வேனிலேயே வீட்டுக்கு வருகிற கிருஷ்ணப்ரியாவும் அன்றைக்குப் பின்சீட்டில் இருந்தாள்.

ஷிப்ட்டு முடிந்து இருபத்திரண்டு பெண்கள் வந்து ஏறினார்கள். தன் சட்டப்படி இன்றைக்கு அவன் சாவியைத் தொடக்கூடாது. ஆனால் சட்டம் போட்டவனே அதை ஒருநாள் தள்ளிவைக்கக் கூடாதா? இன்றைக்கு ஒரு நடை. நாளைக்குச் சொல்லிவிடலாம்.

டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த மகள் வேனில் ஏறாமல் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, திருவாதிரை தெரியுதா?"

"தெரியாம என்னத்தா? செவப்பா, நல்லாத் தெரியுது."

"எங்கப்பா?"

"உச்சியில. அந்தா." விரலையும் நீட்டினான். இடம் அவனுக்கு மனப்பாடம்.

நீட்டிய கையில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. பிறகு நெற்றியில் ஒன்று. மாசியில் மழையை எவன் எதிர்பார்த்தான்! ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது. கண் போகவில்லை, மேகம்தான். அடுத்த நொடியே உறைத்தது, மகள் மேகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள். நீட்டிய விரலை மடக்கத் தோன்றவில்லை.

"சாவியக் குடுங்கப்பா" என்றாள் அவள். "செவ்வாக்கெழமையிலருந்து பயந்துக்கிட்டே வாரேன்."

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும், ஆத்தா."

"உள்ள இருபத்திரண்டு பேரு இருக்காக."

வேனுக்குள்ளிருந்து முத்துமாரியம்மாள் தலையை நீட்டினாள். "என்னண்ணே, மழை வலுக்குமுன்ன போவமா?"

மகள் ஏதாவது சாக்குச் சொல்லுவாள் என்று காத்திருந்தான். வண்டி ரிப்பேர், நெஞ்சுவலி, எதையாவது. அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"எறங்குங்க தாயி" என்றான் சந்தனம். "எனக்குக் கண்ணு தெரியல."

"நல்லாத்தானண்ணே இருந்தீக?"

"ரொம்ப நாளாவே தெரியல."

வேன் கதவு திறந்தது. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். "இத்தன நாளும் இவரு பின்னாலயா உக்காந்து வந்தோம்?" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள்.

சந்தனம் வெளிச்சங்களை எண்ணினான். ஒன்பது வந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினான். ஏழுதான் வந்தது.

"ஏத்தா, இருக்கியா?" என்று மகள் நின்ற பக்கம் மழையில் கையை நீட்டித் துழாவினான்.