தையல் கிளாஸ்

சீனித்தாயைக் குளிப்பாட்டப் பெண்கள் குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தபோது, ஹில்டா டீச்சர் ஒரு காகிதச் சுருளோடு வந்து நின்றாள்.

நேற்றுச் சாயங்காலம் காப்பி கொடுத்த மனைவி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. கருப்பட்டி மண்டி மந்திரமூர்த்திக்கு இன்னும் எதுவும் பிடிபடவில்லை.

"அண்ணாச்சி, இது அக்கா வரைஞ்ச படம்."

"எந்த அக்கா?"

"சீனித்தாயக்காதான்."

"அவ ஒங்ககிட்ட தையல் கிளாசுக்குல்லா வந்தா?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "தையல்னு சொன்னாத்தான் விடுவீகன்னாங்க."

இரண்டு வருஷம். செவ்வாய் தவறாமல் போனாள். மிஷின்கூட வாங்கிப் போட்டிருந்தார். ஒரு தலையணை உறை தைக்கச் சொன்னால், "இன்னும் கை திருந்தல" என்பாள்.

சுருளைப் பிரித்தார். கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் நீலம், ஓரத்தில் வெளிறிய ரோஸ். படகு இல்லை, ஆள் இல்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"நம்ம கடக்கரைதான் அண்ணாச்சி. தண்ணி வத்தின நேரம். இந்தப் பளபளப்பு ஈர மணலு. அந்தா, கோடு மாதிரி தள்ளிக் கெடக்குல்லா, அதான் கடல்."

அவருடைய அக்காள் சந்தனமாரி எட்டிப் பார்த்தாள். "சிலேட்டு கழுவின தண்ணி மாதிரில்லா இருக்கு! இதுக்கா ரெண்டு வருசம் போனா? ஏலே மந்திரம், கல்யாணப் பட்ட எடுத்துக் குடு. சுமங்கலியாப் போறவள காக்க வைக்காத."

பீரோவைத் திறந்தார். காப்பிக் கொட்டை நிறம், பாட்டில் பச்சை, மெரூன். அழுக்குத் தெரியாதென்று எல்லாம் அவரே எடுத்தவை. காகிதத்தில் இருந்த ஒரு நிறமும் அங்கே இல்லை. அடியில் கிடந்த அரக்கு நிறக் கல்யாணப் பட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர், டீச்சர் முன்னால் நின்றார்.

"அவளுக்கு என்ன கலரு பிடிக்கும்?"

டீச்சர் தடுமாறினாள். "தெரியல அண்ணாச்சி. எந்தக் கலரத் தொட்டாலும் தண்ணிய விட்டு விட்டு, இருக்கா இல்லையாங்குத மாதிரி ஆக்கிருவாங்க."

புறவாசலுக்குப் போனார். பட்டைத் துவைகல்லில் போட்டார். தொட்டியில் மொண்டு ஊற்றினார்.

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஈரச் சேலைய எப்படில உடுத்திவிட?"

இன்னொரு செம்பு ஊற்றினார். கெட்டிச் சாயம்தானா என்று கடைக்காரனிடம் மூன்று தடவை கேட்டு, இருபது வருஷத்துக்கு முன் அவர் வாங்கிய பட்டு. சாக்கடைக்கு ஓடிய தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

மறுபடி மொண்டார்.