சின்னப் பாலத்திலிருந்து வாசல் வரை

நாற்பத்தாறு வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசையில்லை. என் வீட்டுக்காரர் மிஸ்வானால் வந்த வினை. தான் அடித்த சைலன்சர்களை முதுகில் கட்டிக்கொண்டு வண்டியில் கடைத்தெருவுக்குப் போனவர், பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தும் ஒதுங்காமல் நடுரோட்டிலேயே போயிருக்கிறார். லாரி உரசிக்கொண்டு போனபோதுதான் திடுக்கிட்டு வண்டியோடு வாய்க்காலில் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் நான் அவர் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"சாவியக் குடுங்க. இனிமே வண்டி என்னோடது," என்றேன்.

"உனக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராதேடி."

"ஓட்டத் தெரிஞ்ச நீங்க வாய்க்கால்ல கெடந்தீங்க. தெரியாத நான் எங்க கெடக்கேன்னு பாப்போம்."

அவருக்குக் காது மந்தமாகி வருகிறது என்று எனக்குத் தெரியும். எவ்வளவு என்றுதான் தெரியாது. எங்கள் ஊர் பூர்பலிங்காவில் இந்தத் தெரு முழுக்கத் தகரம் தட்டிச் சைலன்சர் செய்கிறவர்கள்தான். மிஸ்வான் மீசை முளைக்கும் முன்பே சுத்தியலைப் பிடித்தவர். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று யாரும் சொன்னதில்லை, வைத்திருந்தால் சிரித்திருப்பார்கள். வண்டியை முறுக்கிவிட்டுச் சத்தத்தைக் கேட்டுத்தான் இங்கே சைலன்சரைச் சரிபார்ப்பார்கள். காதை அடைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது?

நான் முன்கோபக்காரி. கூப்பிட்டால் திரும்பாத மனிதரைத் திமிர் பிடித்தவர் என்றே நினைத்தேன். போன நோன்பில், நோன்பு திறக்கும் நேரத்து மக்ரிப் பாங்கு சொன்ன பிறகும் பேரீச்சம்பழத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நான் கையை நீட்டியதைப் பார்த்த பிறகுதான் அவரும் கையை நீட்டினார். "பக்தி முத்திப்போச்சு" என்று கேலி செய்தேன். அதை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பள்ளிக்கூட மைதானத்தில் பழகினேன். அவர் பின்னால் உட்கார்ந்துகொள்வார். வலது தோளைத் தட்டினால் வலப்பக்கம், இடது தோளைத் தட்டினால் இடப்பக்கம், முதுகில் தட்டினால் கியர் மாற்ற வேண்டும். "பிரேக் எதுங்க, பிரேக் எது?" என்று நான் தொண்டை கிழியக் கத்த, அவர் நிதானமாக முதுகில் தட்ட, நான் கியரைக் கூட்டி கோல் கம்பத்தில் போய் முட்டினேன். மைதானத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவரும் சேர்ந்து தட்டினார். வீட்டுக்கு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. பேசாததை அவர் கவனித்தாரா என்றும் தெரியவில்லை.

ஒரு வழியாகத் தனியாக ஓட்ட ஆரம்பித்தேன். காலையில் சோயாக் கட்டியான தெம்பேயையும், அதை மாவில் தோய்த்து மெந்தோவான் பலகாரம் பொரிக்கும் சட்டியையும் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவேன். விற்று முடித்துச் சாயங்காலம் திரும்புவேன். மெதுவாக, ஓரமாக, யார் கண்ணிலும் படாமல்.

சந்தை விடுமுறை நாள் ஒன்றில் சமையலை முடித்துவிட்டு வாசலை ஒட்டியிருக்கும் பட்டறைப் பக்கம் போனேன். வண்டியின் கம்பெனி சைலன்சர் கழற்றி மூலையில் கிடந்தது. புதிதாக ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே தடுப்பே இல்லாமல் நேராக ஓடும் துளைக்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, மேலே என் தொடை தடிமனுக்கு நீளமான தகர உறை. கிக்கரை உதைத்தார். இளவட்டங்கள் கேட்டு வாங்குகிற கீச்சுச் சத்தம் இல்லை அது. தரையே அதிர்கிற மாதிரி தடதடவென்று கனத்த சத்தம். அலமாரியில் டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"யார் வண்டிக்கு இது?" என்றேன்.

"உன் வண்டிக்குத்தான்."

"கிறுக்குப் பிடிச்சுடுச்சா? நான் பலகாரம் விக்கப் போறேனா, ரேஸுக்குப் போறேனா?"

அதற்குள் அவர் குனிந்துவிட்டார். நட்டை முறுக்குவதில் இருந்தார்.

புதிதாக வண்டி ஓட்டுகிறவளுக்கு இருக்கும் ஒரே நிம்மதி, தன் தப்பு தனக்கு மட்டும் தெரிவது. அது போயிற்று. வண்டி அணைந்தால் ஊருக்கே தெரிந்தது. கியர் தப்பினால் ஊருக்கே தெரிந்தது. ஆக்சிலேட்டர் முறுக்கை விட்டால் பின்னால் படார் படாரென்று வெடித்தது. எதிர்வீட்டு வாகிரா வாசலில் துணி காயப்போட்டபடி சொல்வாள்:

"ருஸ்மினி அக்கா, இன்னிக்கு மூணாவது கியரோட நிறுத்திட்டீங்க. நான் அடுப்படியில இருந்தே எண்ணிக்கிட்டிருந்தேன்."

"எண்ணு, எண்ணு. அடுப்புல சோறு தீயுது, அதையும் எண்ணு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே சாக்கடை. வண்டி ஏற ஒரு பலகை போட வேண்டும். முன்பெல்லாம் நான் வந்து கத்தினாலும் அவர் சுவரைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பார். நானே இறங்கி, பலகையைப் போட்டு, திட்டிக்கொண்டே ஏற்றுவேன். இப்போதோ நான் திரும்பும்போதெல்லாம் பலகை போட்டிருந்தது. பக்கத்தில் கையைத் துடைத்தபடி அவர் நின்றிருந்தார்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சந்தையில் ஒரு பெண்பிள்ளை என்னைக் காட்டிச் சிரித்த அன்று, வந்த வேகத்தில் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் எறிந்தேன்.

"இத இப்பவே கழட்டுங்க. இல்லன்னா நானே வேற பட்டறையில குடுத்துக் கழட்டுவேன்."

என் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பலகைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"கழட்டாத ருஸ். இது ஒண்ணுதான் எனக்குக் கேக்குது."

"என்னது?"

"உன் குரல் போயி ரெண்டு வருஷமாச்சு. பாங்கும் போச்சு. மக போன்ல பேசறப்ப சும்மா தலையாட்டுறேன், நீதான் பாத்திருப்பியே. கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கு. அதுக்குத் தோதாத்தான் அடிச்சேன். நீ வீடு வந்து சேர்றது எனக்குத் தெரியணும்ல?"

இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் நான் திட்டிய திட்டெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? அவர் என் உதடுகளைப் பார்த்துப் பார்த்து என்னோடு குடும்பம் நடத்தியிருக்கிறார். காது கேட்காதவன் அடித்த சைலன்சரை எந்த வியாபாரி வாங்குவான் என்று பயந்து, எனக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லையே என்ற கோபம் முதலில் வந்தது. பிறகு அழுகை. ஹெல்மெட்டை எடுத்துத் தூசியைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகு அந்தச் சத்தத்துக்காக நான் வெட்கப்படவில்லை.

சத்தம்தான் நீடிக்கவில்லை. சந்தை ரோட்டில் போலீஸ் சோதனை போட்டார்கள். என்னை நிறுத்திய போலீஸ்காரர் சின்னப் பையன்.

"பையன் வண்டியாம்மா?"

"என் வண்டி."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கம்பெனி சைலன்சரைக் கொண்டுவந்து அங்கேயே மாட்டினால்தான் வண்டியை விடுவோம் என்றார். தெருக்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினேன். மிஸ்வான் அதை எடுத்துக்கொண்டு வந்து, சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்து, தன் கையால் செய்ததைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய், பறிமுதல் செய்த சைலன்சர்களின் குவியலில் போட்டார்கள். குவியலில் பாதி எங்கள் தெருச் சரக்கு.

மறுநாள் சாயங்காலம் வண்டியைப் பூனை மாதிரி கொண்டுவந்து நிறுத்தினேன். பலகை இல்லை. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு காஸ் நெருப்பில் தகரத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். போய்த் தோளைத் தொட்டேன். தொட்டிருக்கக் கூடாது. தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். கையிலிருந்த நெருப்பும் சேர்ந்து திரும்பியது. என் மணிக்கட்டில் தோல் உரிந்தது. மருந்து போடும்போது நான் அழவில்லை, அவர்தான் அழுதார்.

அந்த வாரமே இன்னொன்று அடித்தார். அதே தடித்த குழாய்தான், ஆனால் அதன் வாயில் செருகுவதற்கு ஒரு அடைப்பான். ஒரே ஒரு போல்ட். அடைப்பானைச் செருகி முடுக்கினால் வண்டி சாதுவாக ஓடும். கழற்றினால் பழைய தடதடப்பு. சந்தைக்கும் ரோட்டுக்கும் அடைப்பானோடு போய்வருவது. திரும்பும்போது தெருமுனையில் இருக்கும் சின்னப் பாலத்தில் நிறுத்தி, அதைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து வாசல் வரை மட்டும் சத்தத்தோடு வருவது.

அதற்குத் தெரு சம்மதிக்க வேண்டும். வாகிராவின் மகளுக்குப் பிள்ளை பிறந்து இன்னும் தொப்புள் கூட ஆறவில்லை. தெருத்தலைவர் தர்சுனிடம் ஏற்கெனவே புகார் போயிருந்தது. பெண்கள் சீட்டுப் போடக் கூடிய அன்று, தலைவரும் வந்து வாசலில் நின்றார். மிஸ்வான் மறைத்து வைத்திருந்ததை நான் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தேன். வேறு வழி தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்குக் காது போச்சு. நான் வீட்டுக்கு வர்றது அவருக்கு இதுல மட்டுந்தான் தெரியுது. சாயங்காலம் ஒரே ஒரு தடவ. பாலத்துலேருந்து வாசல் வரைக்கும். வேற எதுவும் கேக்கல."

தர்சுன் வாகிராவைப் பார்த்தார். அவள் பேரனை மடியில் புரட்டிப் போட்டாள்.

"சாயங்காலம் இவன் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பான். வந்துட்டுப் போகட்டும்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா அக்கா, கியரையாவது ஒழுங்கா மாத்துங்க," என்றாள்.

அன்றிலிருந்து அந்த ரகசியம் தெருவின் ரகசியம் ஆனது. எந்த வியாபாரி காதுக்கும் அது போகவில்லை. மிஸ்வான் அடித்த சைலன்சர்களைப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சும்மா எட்டிப் பார்க்கிற மாதிரி வந்து, கேட்டுச் சரிபார்த்துவிட்டுப் போனார்கள். அவருக்கு அது தெரியுமா, தெரியாத மாதிரி இருந்தாரா, நான் கேட்கவில்லை.

மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடியது. பாலத்துக்கு வந்ததும் ஈரத்துணியையும் ஸ்பேனரையும் எடுப்பேன். சுடச்சுட அடைப்பானை உருவித் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு முறுக்குவேன். வாகிரா வீட்டுக் குழந்தை கையைக் காலை ஆட்டும். என் வாசலில் பலகை போட்டிருக்கும். அவர் நின்றிருப்பார். சொன்னால் சிரிப்பீர்கள், எங்களுக்குக் கல்யாணமான புதிதில்கூட அவர் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

மழை விட்ட சமயத்தில் பலகை விழுவது தாமதமாக ஆரம்பித்தது. முதலில் வாகிரா வீட்டைத் தாண்டும்போது விழுந்தது. பிறகு நான் வாசலுக்கு வந்து நின்ற பிறகு. வேலை மும்முரம் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் முறுக்கைக் கொஞ்சம் கூட்டினேன். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். தெரு கொடுத்த இரவலுக்கு மேல் எடுத்துக்கொள்வது மாதிரி ஒவ்வொரு நாளும் உறுத்தியது.

பிறகு ஒரு நாள் வாசலில் பலகையே இல்லை.

அவர் பட்டறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தகரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரம்கூட இல்லை. நான் வண்டியில் உட்கார்ந்தபடியே முறுக்கினேன். திரும்பவில்லை. இன்னும் முறுக்கினேன். எங்கள் வீட்டு டீ கிளாஸ்கள் ஆடும் சத்தம் எனக்கே கேட்டது. சுத்தியல் அதே நிதானத்தில் ஏறி இறங்கியது. கை வலிக்கும்வரை விடாமல் முறுக்கினேன். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். தர்சுன் வந்தார். யாரும் "நிறுத்து" என்று சொல்லவில்லை. வாகிராவின் பேரன் வீரிட்டு அழுதான். அவள் அவன் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சத்தம் நான் போட்டதே இல்லை.

வேறு தகரம் எடுக்கத்தான் அவர் எழுந்தார். எழுந்து திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தார். நான் சட்டென்று சாவியைத் திருப்பினேன். தெரு அமைதியானது. வாகிரா குழந்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தர்சுன் பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்க்கத் தொடங்கினார். மற்றவர்களும் வந்த வழியே போய்விட்டார்கள்.

அவர் ஓடிவந்து பலகையைப் போட்டார். முகத்தில் அசட்டுச் சிரிப்பு. என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"அடைப்பானக் கழட்ட மறந்துட்டியா?"

துணியில் சுற்றிய அடைப்பான் பையில் இருந்தது. சூடு இன்னும் ஆறாமல் இடுப்பில் சுட்டது. பையை மறுபக்கம் தள்ளிவிட்டு இறங்கினேன். சைலன்சரின் வாய் அவர் கண்ணில் படாதபடி வண்டியை மறைத்து நின்றேன்.

"ஆமாங்க," என்றேன், உதடுகள் அவருக்கு நன்றாகத் தெரியும்படி நிதானமாக. "மறந்துட்டேன்."

"வயசாயிடுச்சுடி உனக்கு," என்று சிரித்தார். "நாளைக்கு மறந்துடாத. நான் இங்கேயேதான் இருப்பேன்."