தமயந்தியின் தூக்குவாளி

அந்த ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்ததும் நோயாளிகள் தங்கள் பசியை ஒரு தூக்குவாளியில் போட்டு டயட் பிரிவில் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போகும் நாளில் சீட்டைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அதை வளர்ப்பது டயட்டீஷியன்களின் வேலை. சர்க்கரைக்காரரின் பசிக்குக் கேழ்வரகுக் கஞ்சி, சிறுநீரகக்காரரின் பசிக்கு உப்பில்லாத சோறு.

தமயந்தி இதற்கென்றே படித்தவள். மனையியல் கல்லூரியில் எம்.எஸ்சி., தங்கப் பதக்கம். பயிற்சிக் காலத்தில் ஒரு பச்சைக் குழந்தையின் பசியை மூன்று வாரம் மடியில் வைத்துக் காப்பாற்றியவள். இங்கே பதினேழு வருடச் சர்வீஸ். தராசில் ஏறாத ஒரு பருக்கைகூட அவள் கையைத் தாண்டியதில்லை.

அவளுடைய ஒரே சங்கடம் ஜெசிந்தா. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. உயிர்வேதியியலில் இரண்டு தடவை அரியர் வைத்தவள். எதையும் எடை போட மாட்டாள். காலையில் வந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து, "என்ன, எந்திரிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணளவில் கரண்டியால் போடுவாள். அவள் அலமாரிப் பசிகள் கொழுகொழுவென்று மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றன. தமயந்தியுடையவை ஒழுங்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் போகிறவர்கள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தமயந்தியிடம் கையெழுத்து மட்டும் போட்டார்கள். அவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

தலைமை டயட்டீஷியன் ஓய்வு பெறும் மாதம் வந்தது. அந்த நாற்காலிக்காகத்தான் தமயந்தி பதினேழு வருடம் காத்திருந்தாள். ஜெசிந்தாவிடம் ஏதாவது குறை கண்டுபிடிக்கலாமென்று மதிய இடைவேளையில் அவள் அலமாரியைக் குடைந்தாள். மேல்தட்டில் சீட்டு ஒட்டாத ஒரு வாளி இருந்தது. திறந்தாள். உள்ளே தமயந்தியின் சொந்தப் பசி. கன்னமெல்லாம் சதை வைத்து, முன்பைவிட லட்சணமாக இருந்தது.

ஜெசிந்தா வாசலில் நின்றிருந்தாள்.

"எப்ப வந்துச்சு இது?"

"ஆச்சுடி ஆறு வருஷம். தானா வந்து உக்காந்துக்கிச்சு. சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு விட்டுட்டேன்."

"என் பசிடி அது. குடு."

"சீட்டு வச்சிருக்கியா?"

சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்ற விதியை எழுதியவளே தமயந்திதான். ஆகவே மறுநாள் காலை வந்து நோயாளியாகச் சேர்ந்தாள்.

சிஸ்டர் வாளியை நீட்டினார். "பசியப் போடுங்க மேடம்."

"எங்கிட்ட இல்லையே சிஸ்டர்."

"வாளி காலியாப் போகக்கூடாது மேடம். இருக்கிறதப் போடுங்க."

இருந்தது பொறாமை ஒன்றுதான். போட்டாள். வாளியை வாங்கிக்கொண்ட ஜெசிந்தா இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

"நீ வளத்ததுலயே இதுதான்டி நல்லா வளந்திருக்கு," என்றாள், மனதாரத்தான்.

மூன்றாம் நாள் டீன் பார்வையிட வந்தார். பொறாமை தராசைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மற்ற வாளிகளில் எவ்வளவு விழுகிறது என்று பருக்கை பருக்கையாகக் கவனித்துக்கொண்டிருந்தது. இத்தனை அக்கறை இந்தப் பிரிவில் வேறு யாருக்கும் இல்லை என்று எழுதி, தலைமைப் பதவியை அதற்கே கொடுத்தார். பதினேழு வருடச் சர்வீஸும் பொருந்தி வந்தது. ஜெசிந்தா மாலை வாங்கி வந்து வாளியின் கைப்பிடியில் போட்டாள். தமயந்தியும் எழுந்து வந்து கைதட்டினாள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் சீட்டைக் காட்டிப் பசியை வாங்கிக்கொண்டாள். பதவியில் இருப்பவரை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப விதி இல்லாததால் பொறாமையைத் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆறு வருடத்துக்குப் பிறகு பசித்தது. அப்படி ஒரு பசி. நேரே கேண்டீனுக்குப் போய் ஐந்து இட்லி கேட்டாள்.

பரிமாறுகிறவர் சுவரில் ஒட்டியிருந்த தலைமையின் உத்தரவைப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணுதான் மேடம் எழுதியிருக்காங்க. சட்னி கிடையாது."

தமயந்தி தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே ஜெசிந்தா தனக்கு எழுதியிருந்த அரை இட்லியைத் தின்றுகொண்டிருந்தாள்.