கம்பு முனை கனக்கிற வரைக்கும்

தூண்டில் போடத் தெரியாதவன் பணக்காரனாகவும் இருந்துவிட்டால் முதலில் ஒரு பெட்டி வாங்குவான். விழுப்புரம் வேங்கடேசனுக்கு அந்தச் சிரமமும் இல்லை. சிங்கப்பூரில் இருக்கிற மருமகன் பெட்டியை அனுப்பிவிட்டான். மூன்று தட்டு, தட்டுக்கு எட்டு அறை, அறைக்கு ஒரு பிளாஸ்டிக் மீன். என் பட்டறை மேசையில் அதைத் திறந்து வைத்து, சம்பந்தி வீட்டாருக்கு நகை காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எது மிதக்கும், எது முங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. விலை மட்டும் தெரிந்திருந்தது.

எனக்குத் திண்டிவனம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கம்பு, பூரிக்கட்டை எல்லாம் கடைந்து கொடுப்பேன். எழுபத்தெட்டில் புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர் தன் தூண்டில் கம்புக்குக் கைப்பிடி போட வந்தார். போகும்போது உடைந்துபோன ஒரு கட்டை மீனைக் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீருக்கு மேலேயே மிதந்து, இழுத்தால் உயிருள்ள மீனைப் போலத் துடிக்கிற பொய் மீன். அதைப் பார்த்துக் கல்யாண முருங்கைக் கட்டையில் நானே கடைந்துகொண்டேன். ஆறு வருஷமாக மரக்காணம் கழிமுகத்தில் அதை வைத்துத்தான் கொடுவா மீன் பிடிக்கிறேன். அங்கே வலை வீசுகிறவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள், ஆனால் கற்றுக்கொள்ளவில்லை. அவர்களையும் நான் மதிப்பதில்லை. உண்மையைச் சொன்னால், நான் மதிக்கிற ஆட்கள் இந்த வட்டாரத்தில் ரொம்பக் குறைவு.

வேங்கடேசனை நான் சகித்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர். என் மகள் செண்பகம் டீச்சர் டிரெய்னிங் முடித்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்த கார்டை வருஷா வருஷம் எடுத்துப் பார்த்துவிட்டு, தெருப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவருடைய பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு இடம் காலியாக இருந்தது.

“ஒரு கொடுவா, சவுரி. என் கையால புடிக்கணும். போட்டோ எடுத்து மருமவனுக்கு அனுப்பணும். அது மட்டும் நடக்கட்டும், திங்கக்கெழமையே உன் பொண்ணு வந்து கையெழுத்து போடட்டும்” என்றார்.

“ஆவட்டுங்கய்யா” என்றேன்.

செண்பகத்திடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படுவதற்கு முன்னால் பயந்தாள். “வாய வெச்சிக்கினு சும்மா இருப்பா. அது ஒண்ணு போதும்” என்றாள். எட்டு வருஷம் முன்னால் என் வாயால் போன பெரிய ஆர்டர் ஒன்று அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

மார்கழி கடைசி ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசைக்குப் போகாமல் மரக்காணத்தில் போய் நின்றேன். விடிகிற நேரத்தில் அம்பாசிடர் வந்தது. வேங்கடேசன் சலவை வேட்டியும் சரிகைத் துண்டுமாக இறங்கினார். மீன் பிடிக்கப் போகிறவன் சரிகை போட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னாலேயே டிரைவர் சீனுவாசன் பெட்டி, பிளாஸ்க், இட்லித் தூக்கு, கேமரா எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்தான். மணலில் பெட்டியை வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கடலைப் பார்த்துச் சூடம் கொளுத்தினார்கள். ஈர மணலில் மூன்று முறை அணைந்தது. கழியிலிருந்து தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம் அது. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே வரும், கொடுவா அவற்றைத் துரத்திக்கொண்டு மேலே வரும். அதில் கால் மணி நேரம் சூடத்துக்கே போய்விட்டது.

“எத கட்டலாம்?” என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் தங்க நிறத்தில் கண்ணாடிக்கல் பதித்த ஒன்றை எடுத்தார்.

“தண்ணி மேல இப்ப அலையே இல்லீங்கய்யா. சத்தம் போடாத மீனா, மெலிசா நீட்டமா இருக்கிறதா கட்டுவோம். கலரு முக்கியமில்லீங்க. கீழேருந்து பாக்குற மீனுக்கு வயிறு மட்டும்தான் தெரியும்” என்றேன்.

“வெல ஜாஸ்தியானது இதுதான்” என்றார். அத்தோடு விட்டாரா? சட்டைப் பையிலிருந்து ஒரு ஈயக்குண்டை எடுத்து, மீனுக்கு முன்னால் தங்கூசி நரம்பில் தானே முடிந்தார்.

மிதப்பதற்கென்றே செய்த பொருள் அது. அதன் கழுத்தில் ஈயத்தைக் கட்டுகிறார். எங்கள் பக்கத்தில் தூண்டில் என்றால் புழு, ஈயம், அடித்தரை. ஏரியில் கெழுத்தி பிடிக்கிறவன் செய்கிற வேலையைக் கழிமுகத்தில் செய்கிறார். முட்டாளைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தேன், சொல்லியும் பார்த்தேன்.

“மீனு என்ன மேலயா மெதக்கும்? அடியிலதான கெடக்கும்?” என்று சிரித்தார். சீனுவாசனும் சேர்ந்து சிரித்தான். சம்பளம் வாங்குகிறவன் சிரிக்கத்தான் வேண்டும்.

தங்க மீன் நேராக அடிக்குப் போய், ஏதோ பழைய பனங்கட்டையில் மாட்டிக்கொண்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடு பிடிக்கிறவர் மாதிரி இழுத்தார். தங்கூசி அறுந்தது. அடுத்து உதட்டில் தகடு வைத்த ஒன்றைக் கட்டினார். அது முங்கி ஓடுகிற ஜாதி. அதுவும் அதே கட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் மனிதர் கம்பை என்னிடம் நீட்டினார்.

ஈயத்தை வெட்டி எறிந்துவிட்டு, சிவப்புத் தலையும் வெள்ளை உடம்புமாக இருந்த ஒன்றைக் கட்டினேன். “பல்பொடி டப்பா மாதிரி இருக்குது” என்றார். செண்பகத்தின் கையெழுத்தை மட்டும் நினைத்துக்கொண்டேன். அழகான கையெழுத்து அவளுக்கு.

வீசிக் காட்டினேன். கம்பு முனையைக் கீழே வைத்துக்கொண்டு மணிக்கட்டால் ஒரு சொடுக்கு, விட்டு ஒரு சொடுக்கு. மீன் இடது பக்கம் தலையைத் திருப்பியது, பிறகு வலது பக்கம். நடுவில் சும்மா நிறுத்த வேண்டும். நிற்கிற நேரத்தில்தான் கொடுவா அடிக்கும்.

“ஒண்ணே ஒண்ணுதாங்கய்யா. தண்ணி வெடிக்கும். பார்த்ததும் கை தானா இழுக்கும். இழுக்காதீங்க. மீனு வாயில வாங்கிக்கினு திரும்பணும். கம்பு முனை கனக்கிற வரைக்கும் பொறுங்க.”

“எனக்கே சொல்லித் தர்றியா?” என்றார். பிறகு வேறு யாருக்குச் சொல்லித்தர என்னை வரவழைத்தார் என்று தெரியவில்லை.

நாலாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. வாளி கவிழ்ந்த மாதிரி சத்தம். வேங்கடேசன் இரண்டு கையாலும் கம்பைப் பின்னால் பிடுங்கினார். கொடுவா வாயில் படாத பொய் மீன் பறந்து வந்து அவர் சரிகைத் துண்டில் முள்ளோடு தைத்துக்கொண்டது. “நீ கட்டுனது சரியில்ல” என்றார். நான் துண்டிலிருந்து முள்ளைக் கழற்றினேன். சரிகை கொஞ்சம் கிழிந்தது. அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

வெயில் ஏறி, காற்று எடுத்து, தண்ணீரில் அலை எழும்ப ஆரம்பித்தது. வடிவது நிற்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கலாம். அலை இருந்தால் மெலிந்த பொய் மீன் கொடுவா கண்ணுக்குத் தெரியாது, சத்தம் வேண்டும். வாய் கிண்ணம் போலக் குழிந்த ஒன்றை எடுத்துக் கட்டினேன். இழுத்தால் தண்ணீரை அள்ளி ‘குளுக்’ என்று துப்பும். வேங்கடேசன் வீசினார். அதிசயமாக நல்ல இடத்தில் விழுந்தது. குளுக். நிறுத்தம். குளுக். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன்.

தண்ணீர் மறுபடி வெடித்தது. முதல் மீனைவிடப் பெரியது. முதுகு முழுசாக வெளியே தெரிந்தது. வேங்கடேசனின் தோள் பின்னால் போவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. ஓங்கி அவர் கையில் ஒரு அடி வைத்தேன்.

“டேய், இழுக்காதடா முட்டாள்!”

அவர் நிறுத்தினார். அப்படியே சிலையாக நின்றார். கம்பு முனை மெதுவாக வளைந்து கனத்தது. “இப்ப தூக்கு!” என்றேன். தூக்கினார். முள் ஏறிவிட்டது. கொடுவா தலையை உதறிக்கொண்டு முழு உடம்பும் தெரியத் துள்ளியது. அடுத்த இருபது நிமிஷமும் நான் சொன்னதை எல்லாம் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டார். விடு என்றால் விட்டார், சுத்து என்றால் சுற்றினார். எட்டு கிலோவுக்குக் குறையாத மீன். செவுளில் கையைவிட்டு நான்தான் மணலுக்கு இழுத்துப் போட்டேன். சீனுவாசன் போட்டோ எடுத்தான். வேங்கடேசன் மீனைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் அவரைக்கூட எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அவர் தன் கையைப் பார்த்தார். என் விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது.

“என்னா சொன்ன என்னை?”

சீனுவாசன் கேமராவை இறக்கிவிட்டான். அவன் அங்கே நின்றதுதான் கெடுதல். என் அப்பா வேங்கடேசன் வீட்டு நிலத்தில் அறுப்பு அறுத்தவர். எங்கள் வீட்டில் யாரும் அந்த வீட்டு ஆட்களை நிமிர்ந்து பார்த்துப் பேசியதுகூட இல்லை. முதலாளிக்குப் பின்னால் நின்று சீனுவாசன் எனக்குக் கண்ணைக் காட்டினான், காலில் விழு என்று. விழுந்திருக்கலாம். மணல்தானே, வலித்திருக்காது. மன்னிச்சிடுங்க என்று ஒரு வார்த்தை போதும்.

“அப்பிடிச் சொன்னதாலதாங்கய்யா மீனு உங்க காலடில கெடக்குது” என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சீனு, டிக்கியத் தொற” என்றார். மீனைப் போட்டு மூடினார்கள். காரில் ஏறின பிறகு, என்னைப் பார்க்காமல், “உன் பொண்ணுக்கு வேற எங்கனா பாரு” என்றார்.

பஸ் பிடித்து வீடு வந்தபோது உச்சி வெயில். செண்பகம் ஒரு நல்ல புடவையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளைக்கு.

“மீனு கெடச்சுதாப்பா?”

“எட்டு கிலோ. அவரு கையாலயே புடிச்சாரு.”

அவள் முகம் மலர்ந்தது. மீதியையும் சொன்னேன். மறைக்கத் தெரியவில்லை எனக்கு. சொல்லும்போது கொஞ்சம் ஜம்பமாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள் அந்த ஆள் என்று அவளுக்குப் புரிய வேண்டும் என்று ஈயத்திலிருந்து ஆரம்பித்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முழுசாகக் கேட்டாள்.

“கைய அடிக்கலன்னா என்னா ஆயிருக்கும்?”

“மீனு போயிருக்கும்மா.”

“போனா அடுத்த ஞாயித்துக்கெழம கூப்ட்டிருப்பாரு இல்ல?”

நான் வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன்.

“அது நம்ம மீனாப்பா?” என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. அழவும் இல்லை. வேங்கடேசன் ஈயம் கட்டினபோது நான் அவரைப் பார்த்தேனே, அந்தப் பார்வைதான் பார்த்தாள். பிறகு புடவையை மடித்து உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.