பிரைமரி காம்ப்ளக்ஸ்

"முடக்குவாதம் தவிர வேற எதாவது வியாதி இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டபோது, "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். சுகரும் பிரஷரும் ஒரு வியாதியா? எங்கள் பருத்திப்பட்டுத் தெருவில் அவை இல்லாதவர்களைத்தான் தேட வேண்டும். என் வீட்டுக்காரர் உத்தமன் சும்மா இருப்பாரா? "சுகரு கீது சார், பிரஷர் கீது, கொழுப்பு ரொம்பவே கீது" என்று போட்டுக்கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மாத்திரைக்கு என் மூட்டுகள் அடங்காததால் 'பயாலஜிக்' என்று ஓர் ஊசி போடப்போகிறார்கள். அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம். உள்ளே தூங்குகிற வியாதி ஏதாவது இருந்தால் எழுந்துகொள்ளுமாம்.

"வீட்ல யாருக்காவது டிபி வந்திருக்கா?"

"எங்க பரம்பரையிலயே கெடையாது" என்றேன் ரோஷமாக. டிபி இருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஊசி போட்ட இடம் லேசாகத் தடித்திருந்தது. என் பேச்சை நம்பி டாக்டர் அதை விட்டுவிட்டார்.

எனக்கு அவசரம். மாதக் கடைசியில் மகள் கவிப்பிரியாவுக்கு வளைகாப்பு. முதல் வளையலை நான்தான் போட வேண்டும். டம்ளரையே இரண்டு கையால் பிடிக்கிறவள் கண்ணாடி வளையலை எப்படி ஏற்றுவது? ஊசி போட்டால் இரண்டு வாரத்தில் விரல் மடங்கலாம் என்றிருந்தார்கள்.

ஊசி போடும் நாளன்று நர்ஸ் தமிழரசு பக்கத்து நாற்காலிக்காரரிடம், "டிபி மாத்திரைண்ணே. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போவும், பயந்துக்காத" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கவிக்கு நாலு வயதில் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று ஆறு மாதம் சிவப்பு மருந்து கொடுத்தோம். அவளுக்கும் ஆரஞ்சாகத்தான் போனது. டிபி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊசியும் ஏறிவிடும், வளையலும் ஏறிவிடும். ஆனால் உள்ளே தூங்குகிறது எழுந்து, நான் இருமி, பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால்? போடி நாகவல்லி, உன் வீம்பைத் தூக்கி உடைப்பில் போடு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"தம்பி, பிரைமரி காம்ப்ளக்ஸுன்னா இன்னா?"

தமிழரசு ஊசியைத் தட்டில் வைத்தார். "கொழந்தைங்களுக்கு வர்ற டிபிதான்கா. ஏன்?"

கவிக்கு வந்ததைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. தடுப்பு மாத்திரை எழுதினார்; கவிக்குக் கொடுத்த அதே சிவப்பு மருந்துதான், மாத்திரையாக. ஒரு மாதம் அதைச் சாப்பிட்ட பிறகுதான் ஊசி; அதற்குள் வளைகாப்பு முடிந்துவிடும். வெளியே வந்து அழுதேன். உத்தமன் டீ வாங்கி, டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டு குடிக்கக் கொடுத்தார். அப்போது மட்டும் அவர் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை.

வளைகாப்பில் சந்தனம் எப்படியோ பூசிவிட்டேன். வளையல் நகரவே இல்லை. சம்பந்தியம்மா ஜெகதாம்பாள் கையை நீட்டினார்.

"இருங்க அத்தை" என்றாள் கவி. "அம்மா, நீ புடிச்சிக்கினு மட்டும் இரு."

பிடித்துக்கொண்டேன். அவள் விரல்களைக் குவித்து வளையலுக்குள் தன் கையை மெல்ல நுழைத்தாள். மணிக்கட்டு வரை வந்ததும் என் காதோரம் குனிந்து கேட்டாள்.

"ஆரஞ்சாதான் போவுதாம்மா?"

"ஆமாண்டி" என்றேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.